காடு பெருகுவதைப் பார்த்து ஏன் வருத்தப்படுகிறார்கள்? கட்டலான் புனைவல்லாத எழுத்தில் கிராமமும் இயற்கையும்

கரைமேடு:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் இருக்கும் ஜிரோனாவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் ஸ்பானிஷை வைத்தே ஓட்டினேன், அப்புறம் கட்டலான் கற்றுக்கொண்டேன், இப்போது ராத்திரி பத்துப் பக்கமாவது அந்த மொழியில் படிக்காவிட்டால் நாள் முடிந்த மாதிரியே இருப்பதில்லை. அவர்களுடைய நாவல்களைவிட எனக்கு நெருக்கமானவை நாட்குறிப்பு, நடைக்குறிப்பு, ஊரைப் பற்றிய நீண்ட கட்டுரை, இந்த மாதிரி எழுத்துகள்தான்.

ஜிரோனாவுக்குத் தென்கிழக்கே லெஸ் கவாரஸ் என்று ஒரு தாழ்ந்த மலைத்தொடர் இருக்கிறது. தக்கை உரிக்கும் கார்க் ஓக் மரங்கள் நிறைந்த காடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடக்கப் போவேன். போன மாதம் பாதையை விட்டு விலகி உள்ளே இறங்கினபோது முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்சுவர் தட்டுப்பட்டது. சாந்து கிடையாது, வெறும் கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கினது. அதற்கு மேலே இன்னொன்று, அதற்கு மேலே இன்னொன்று. அப்போதுதான் புரிந்தது, நான் காட்டுக்குள் நிற்கவில்லை, யாரோ மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாக அடுக்கிய வயலில் நிற்கிறேன். பைன் மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆலிவ் மரம். வெயிலைத் தேடித்தேடி ஒல்லியாக, ஆலிவ் மாதிரியே தெரியாத அளவுக்கு நெட்டையாக வளர்ந்திருந்தது. உச்சியில் நாலைந்து காய்.

இங்கே இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் உண்டு. 1879இல் பிரான்சிலிருந்து ஃபிலோக்செரா பூச்சி வந்து திராட்சைத் தோட்டங்களை அழித்தது, பிறகு ஜனங்கள் ஆலைக்கும் நகரத்துக்கும் போனார்கள், வயலைக் காடு எடுத்துக்கொண்டது. இன்றைக்குக் கட்டலோனியாவின் நிலத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் காடும் புதரும்தான். நம்மில் யாரிடம் சொன்னாலும் "ஆஹா, நல்ல செய்தி" என்போம். ஆனால் நான் படிக்கிற கட்டலான் எழுத்தாளர்கள் பலருக்கு அது நல்ல செய்தியாக இல்லை. அவர்களுடைய சூழல் உணர்வு மனிதன் கால் படாத காட்டைப் பார்த்துப் பிறந்ததே இல்லை, கைபட்ட நிலத்தைப் பார்த்துப் பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கை விலகும்போது நிலமும் கெடுகிறது, நிலத்தைச் சொல்லும் வார்த்தைகளும் போகின்றன. நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பிரண்டை:

நல்ல இழை. ஆனால் ஒரு சந்தேகம். இது பழைய நிலக்காரன் ஏக்கம் இல்லையா? கட்டலான் எழுத்தாளர் ஜுசெப் பிளாவை நான் ஆங்கிலத்தில் கொஞ்சம் படித்திருக்கிறேன். அருமையான கை, மறுக்கவில்லை. ஆனால் அவர் பண்ணை வீட்டுக்காரர், பழமைவாதி. அவருக்கு நிலம் அழகாகத் தெரிந்ததற்கு அதில் வேறு யாரோ குனிந்து வேலை செய்ததும் ஒரு காரணம். அதைச் சூழல் உணர்வு என்று சொல்வது அதிகம்.

கரைமேடு:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பிளா (1897–1981) சூழலியலாளர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் ஜிரோனாவுக்கு வடகிழக்கே இருக்கும் எம்புர்தா சமவெளிக்காரர். பலாஃப்ருஜெல் என்ற தக்கை ஆலை ஊரில் பிறந்து, கடைசிக் காலத்தில் பக்கத்து யுஃப்ரியூவில் இருக்கும் குடும்பப் பண்ணை வீட்டில் உட்கார்ந்து எழுதினவர். அவருடைய நாட்குறிப்பு நூலான 'சாம்பல் நிறக் குறிப்பேடு' 1918 மார்ச் 8, அவருடைய 21ஆம் பிறந்தநாளில் தொடங்குகிறது. ஃப்ளூ காய்ச்சலால் பார்சலோனா பல்கலைக்கழகத்தை மூடிவிட்டதால் பையன் ஊருக்குத் திரும்பியிருக்கிறான். அச்சில் வந்தது 1966இல், நடுவே வருடக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறார்.

அவரிடமிருந்து பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பார்வையின் துல்லியம்தான். எந்தக் காற்று, எந்த மாசம், எந்தப் பயிர், அதற்கு என்ன விலை. வடக்கிலிருந்து அடிக்கும் த்ரமுந்தானா காற்றைத் தடுக்க வயலோரம் வரிசையாக சைப்ரஸ் நட்டிருப்பார்கள், எம்புர்தாவுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து "என்ன அழகு" என்று படம் எடுப்பார்கள். பிளாவைப் படித்த பிறகு அந்த வரிசையைப் பார்த்தால் காற்றின் திசையும் உள்ளே இருக்கும் காய்கறிப் பாத்தியும் கண்ணுக்குத் தெரியும். அழகு அப்புறம்தான். இந்தப் பழக்கம் வாசகனுக்கு ஒட்டிக்கொள்கிறது. மற்றபடி நீங்கள் சொன்ன குறை நியாயம், குனிந்தவர்கள் யார் என்ற கேள்விக்குப் பிளாவிடம் போகக் கூடாது.

அதற்குப் போக வேண்டிய இடம் சய்தி.

தாழை:

சய்தி? கேள்விப்பட்டதே இல்லையே.

கரைமேடு:

சிங்கா ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். நிர்வாகத்தில் கட்டலோனியாவே கிடையாது, அரகோன் பகுதியின் வெஸ்கா மாகாணம், ஆனால் பேசுவது கட்டலான். அந்த எல்லையோரப் பட்டைக்கு லா ஃப்ராஞ்சா என்று பெயர். இந்த ஒரே ஊரிலிருந்து இரண்டு எழுத்தாளர்கள். மெர்சே இபார்ஸ் 1954இல் பிறந்தவர், ஃப்ரான்செஸ்க் செரேஸ் 1972இல் பிறந்தவர்.

இபார்ஸின் 'லா தெர்ரா ரெதிராதா' 1993இல் வந்தது. நினைவுக்குறிப்பா, ஊர்க் கதையா, செய்தி எழுத்தா என்று பிரிக்க முடியாத சின்னப் புத்தகம். தலைப்பே ஒரு அரசாங்கச் சொல். 1992இல் ஐரோப்பியப் பொது வேளாண் கொள்கையைத் திருத்தினபோது, தானியம் அதிகமாக விளைகிறது என்று பெரிய விவசாயிகள் தங்கள் நிலத்தில் ஒரு பங்கை, முதலில் 15 விழுக்காடு, பயிரிடாமல் விட வேண்டும், அதற்குப் பணம் தருவோம் என்றார்கள். 2008 வாக்கில்தான் அதை ஒழித்தார்கள். அப்படி விலக்கி வைத்த நிலம்தான் தலைப்பு.

இதை நம் மொழியில் "தரிசு" என்று போட்டால் கெட்டுவிடும். தரிசாகப் போடுவதற்குக் கட்டலானில் 'குவாரெத்' என்று தனிச்சொல் இருக்கிறது, நிலம் களைப்பாற ஒரு வருடம் விடுவது, அடுத்த வருடம் உழப் போகிறோம் என்ற நிச்சயம் அதற்குள் இருக்கிறது. ரெதிராதா அப்படி இல்லை. நிலம் நன்றாகத்தான் இருக்கிறது, உழுகிறவனும் இருக்கிறான், எங்கோ ஒரு அலுவலகத்தில் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மொழிக்காரர்களுக்கு இன்னொன்றும் காதில் விழும். 1939 தொடக்கத்தில் உள்நாட்டுப் போரில் ஃப்ராங்கோ படைக்குத் தோற்று லட்சக்கணக்கான பேர் பிரனே மலையைத் தாண்டி பிரான்சுக்குப் போனார்களே, அந்தப் பின்வாங்கலுக்கும் பெயர் 'லா ரெதிராதா'தான். நிலமே பின்வாங்குகிற மாதிரி ஒரு தலைப்பு. முதல் தடவை இது உறைத்தபோது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சால்:

நான் இந்தக் குழுவில் படிக்கிறவன்தான், எழுதுகிறதில்லை. செரேஸ் பெயரைப் பார்த்ததும் எழுத வேண்டியதாகிவிட்டது.

நான் மேற்குக் கட்டலோனியாவில் யேய்தா பக்கம் இரண்டு கோடைகாலம் பழம் பறித்திருக்கிறேன், பீச் பழமும் பேரிக்காயும். பீச் பறிப்பது பற்றி யாரும் சொல்லாத ஒன்று சொல்கிறேன். அந்தத் தோலில் இருக்கும் மெல்லிய ரோமம் வியர்வையோடு சேர்ந்து கழுத்து மடிப்பிலும் முழங்கையிலும் ஒட்டிக்கொள்ளும், ராத்திரி முழுக்க அரிக்கும், குளித்தாலும் போகாது. அதனால் அந்த நாற்பது டிகிரி வெயிலிலும் எல்லோரும் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டுதான் வேலை செய்வோம். என்னோடு மாலி, செனகல் நாட்டு ஆட்கள் இருந்தார்கள். சிலருக்குப் படுக்க இடம் கிடையாது, வேலை கிடைக்கும்வரை நகரத்துத் தெருவில் அட்டையை விரித்துப் படுப்பார்கள்.

செரேஸின் 'லா பெய் தெ லா ஃப்ரொந்தேரா' புத்தகத்தை (2014) அப்புறம் ஒரு நூலகத்தில் எடுத்துத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். அந்த ஆட்களைப் பற்றித்தான். அந்தப் பழத்தோட்டப் பகுதிக்கு வந்தவர்கள், கைவிட்ட கொட்டகைகளிலும் வீடுகளிலும் தங்கினவர்கள். பிரண்டை கேட்டாரே குனிந்தவர்கள் யார் என்று, இதோ பதில். கிராமத்து இயற்கையைப் பற்றி எழுதும்போது இவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது பொய். செரேஸ் விடவில்லை. அதனால் எனக்கு அவர் பெரிய எழுத்தாளர்.

கரைமேடு:

சால், நீங்கள் எழுதினதற்கு நன்றி அண்ணா. பீச் ரோமம் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தத் தோட்டங்கள் இயற்கையாக வந்தவை இல்லை, முன்பு அது வறண்ட மானாவாரி நிலம். 1906இல் திறந்த அரகோன்–கட்டலோனியா கால்வாய் இன்று ஏறக்குறைய 1 லட்சம் ஹெக்டேருக்குத் தண்ணீர் தருகிறது. இபார்ஸின் புத்தகத்துக்கும் செரேஸின் புத்தகத்துக்கும் நடுவில் இருபது வருடம். முதலாவதில் ஊர் மக்கள் நிலத்தை விட்டுப் போகிறார்கள், இரண்டாவதில் உலகத்தின் வேறு மூலையில் நிலத்தை விட்டவர்கள் அதே இடத்துக்கு வருகிறார்கள். அடுத்தடுத்துப் படித்தால்தான் இது தெரியும்.

தாழை:

நான் தாவரவியல் படித்தவள், அதனால் கொஞ்சம் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. காடு திரும்புவதை ஒட்டுமொத்தமாக இழப்பு என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. கைவிட்ட நிலத்தில் மண் அரிப்பு குறையும், மரம் கரியைச் சேர்க்கும், விலங்குகள் வரும். பிரனேயில் பழுப்புக் கரடி அற்றுப்போகும் நிலைக்கு வந்து, 1996இல் ஸ்லொவேனியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், இன்று மறுபடி குட்டி போடுகிறது. மேய்ப்பர்களுக்கு அது கஷ்டம்தான், ஆனால் கரடியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கைபட்ட நிலம் மட்டுமே நிலம் என்றால் கரடிக்கு எங்கே இடம்?

இன்னொரு விஷயம். புனைவல்லாத எழுத்து என்றால் இலக்கியக்காரர்கள் மட்டும்தானா? ரமோன் மர்கலெஃப் (1919–2004) பார்சலோனா பல்கலைக்கழகத்தில் 1967இல் ஸ்பெயினின் முதல் சூழலியல் பேராசிரியர் ஆனவர். சர்வாதிகாரி ஃப்ராங்கோ இறந்த அடுத்த வருடமே, 1976இல், ரமோன் ஃபோல்க் ஒருங்கிணைத்து 'இயற்கை: பயன்பாடா, துஷ்பிரயோகமா?' என்ற வெள்ளை அறிக்கை கட்டலான் மொழியில் வந்தது. பல பத்தாண்டுகளாகப் பொது இடத்திலிருந்து ஒதுக்கி வைத்திருந்த மொழி, வெளியே வந்த கையோடு சதுப்பு நிலம், காடு, நதி என்று கணக்கெடுக்க உட்காருகிறது. எனக்கு இதைப் படிக்கும்போது சிலிர்க்கும். அதே 1976இல்தான் எம்புர்தா சதுப்பு நிலத்தில் படகுத்துறைக் குடியிருப்பு கட்டுவதை எதிர்த்து இயக்கம் தொடங்கியது, 1983இல் சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். எழுத்தும் போராட்டமும் அங்கே ஒரே ஆட்களின் வேலையாக இருந்தது.

அப்புறம் மார்த்தி புவாதா. மொன்ட்சேனி மலைக்காரர், புவியியலாளர், அந்த மலையைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதுகிறவர். அவரும் ஜுசெப் பென்யுவேலாஸும் 2003இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. 1945 நிலவரத்தோடு ஒப்பிட்டார்கள், அந்த மலையின் பீச் மரக்காடு (பழ மரம் இல்லை, இது வேறு, கட்டலானில் 'ஃபாஜ்') உயரத்தில் சுமார் 70 மீட்டர் மேலே ஏறியிருக்கிறது, கீழே அதன் இடத்தை வெப்பம் தாங்கும் ஹோம் ஓக் பிடிக்கிறது. மலையின் உச்சி 1,706 மீட்டர். அதற்கு மேல் ஏற மலை இல்லை.

பிரண்டை:

தாழை அக்கா, கடைசி இரண்டு வரி தூக்கிப் போட்டுவிட்டது.

கரைமேடு:

தாழை, கரடி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். முதல் பதிவில் "நிலமும் கெடுகிறது" என்று நான் பொத்தாம்பொதுவாக எழுதினது தப்பு. பிரனே உயரத்தில் ஒரு கதை, மத்தியதரைக் கடலோரத் தாழ்ந்த மலையில் வேறு கதை என்று திருத்திக்கொள்கிறேன்.

தாழ்ந்த மலையில் வில்லன் நெருப்பு. 1994 ஜூலையில் கட்டலோனியாவின் நடுப்பகுதியில் பாஜெஸ், பர்கெதா வட்டாரங்கள் எரிந்தன. 1998இல் சுல்சுனேஸ். வயலும் திராட்சையும் மேய்ச்சலும் மாறிமாறி இருந்தபோது நெருப்பு ஒரு இடத்தில் ஆரம்பித்தால் அடுத்த உழுத வயலில் நின்றுவிடும். இப்போது ஊர் வாசல்வரை ஒரே பைன். 1999இல் தீயணைப்புப் படையில் க்ராஃப் என்ற காட்டுத்தீ சிறப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவைச் சேர்ந்த தீ ஆய்வாளர் மார்க் கஸ்டெல்யனோவ் பேசுவதைக் கேட்டால் விறகுக் கணக்கும் நில வரலாறும் கலந்துதான் வரும், தண்ணீர் பீய்ச்சுவதைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுவார். இப்போது 'ரமாத்ஸ் தெ ஃபோக்' என்று ஒரு திட்டம், "நெருப்பு மந்தைகள்" என்று சொல்லலாம். தீப்பிடிக்கும் ஆபத்துள்ள இடங்களில் ஆடுகளை மேய விட்டு அடிப்புதரைத் தின்னச் செய்கிறார்கள், அந்த ஆட்டிறைச்சியைத் தனி முத்திரையோடு கசாப்புக் கடையில் விற்கிறார்கள். எங்கள் சந்தையில் அந்த முத்திரையை முதலில் பார்த்தபோது, கடைக்காரம்மா எந்தச் சரிவில் மேய்ந்த ஆடு என்றுகூடச் சொன்னார். அங்கிருந்து எடுத்துப் பிளாவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே பார்வைதான்: எந்த நிலம், என்ன விளைச்சல், என்ன விலை. பழமைவாதியின் கண் இப்படி ஒரு வேலைக்குப் பயன்படும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

உப்பங்கழி:

எல்லோரும் வடக்கையே பேசுகிறீர்கள். தெற்கே எப்ரோ ஆற்றின் கழிமுகம் இருக்கிறது. சுமார் 320 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி நெல்வயல். 1960களில் மேலே மெகினென்சா, ரிபா-ரோஜா அணைகள் கட்டின பிறகு வண்டல் கிட்டத்தட்ட முழுசாக அங்கேயே நின்றுவிட்டது. வண்டல் இல்லாத கழிமுகம் கரையத்தான் செய்யும். 2020 ஜனவரியில் குளோரியா புயல் வந்தபோது கடல் சுமார் 3,000 ஹெக்டேர் நெல்வயலுக்குள் புகுந்தது.

2000இல் எப்ரோ தண்ணீரை வேறு பகுதிகளுக்குத் திருப்பும் தேசிய நீர்த்திட்டத்தை எதிர்த்து அங்கே பெரிய போராட்டம் நடந்தது. சின்னம் முடிச்சுப் போட்ட குழாய். முழக்கம் 'லோ ரியூ எஸ் வித', ஆறுதான் உயிர். இதில் கவனிக்க வேண்டியது அந்த 'லோ', ஆங்கிலத்து 'the' மாதிரி பெயருக்கு முன்னால் வருகிற சொல். பள்ளியிலும் பத்திரிகையிலும் வருகிற கட்டலானில் அது 'எல்'. எப்ரோ ஜனங்கள் தங்கள் வழக்குச் சொல்லை மாற்றாமல் அப்படியே சுவரில் எழுதினார்கள். 2004இல் அந்தத் திருப்பும் திட்டத்தை ரத்து செய்தார்கள். ஆறும் ஊர்ப்பேச்சும் ஒரே மூச்சில் காப்பாற்றப்பட்ட இடம் அது. கரைமேடு சொல்கிற "வார்த்தைகளும் போகின்றன" என்பதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிற உதாரணமாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கரைமேடு:

'லோ' பற்றி நான் யோசித்ததே இல்லை. அருமை.

பிரண்டை:

பெரஜௌமா பற்றி யாராவது சொல்லுங்கள். ஓவியரா எழுத்தாளரா என்றே புரியவில்லை.

கரைமேடு:

இரண்டும். 1957இல் சான்ட் போல் தெ மாரில் பிறந்தவர். பார்சலோனாவின் லிசேவு இசையரங்கம் எரிந்து மறுபடி கட்டி 1999இல் திறந்தபோது கூரையின் வட்ட ஓவியங்களைச் செய்தவர் இவர்தான். அரங்கத்தின் சிவப்பு நாற்காலிகளையே மலைத்தொடர் மாதிரி அடுக்கியிருப்பார், கீழே உட்கார்ந்து பார்த்தால் இருக்கையா மலையா என்று குழம்பும். 'பஜேசிக்கெஸ்' (2011) கவிதை நூல், ஆனால் இந்த இழைக்கு உரியது, உழுவதும் எழுதுவதும் ஒரே அசைவு என்பதை விடாமல் பிடித்துக்கொண்டு போகிற புத்தகம். கஷ்டமான கட்டலான். வேகமாகப் படிக்க முடியாது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படிக்கிறேன்.

எளிமையாகத் தொடங்க வேண்டும் என்றால் ஜுசெப் மரியா எஸ்பினாஸ் (1927–2023). 1956இல் யேய்தா பிரனேயில் நடந்தது தொடங்கி, ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து நடந்தே போய் எழுதுவார். வரிசைக்குப் பெயரே "நடந்து". காட்சி வர்ணனை குறைவு, வழியில் யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் அதிகம்.

பிரண்டை:

தமிழில் கொண்டுவந்தால் 'பஜேஸ்' என்ற சொல்லை எப்படிப் போடுவீர்கள்? விவசாயி?

கரைமேடு:

விவசாயி என்றால் அரசாங்கப் படிவம் மாதிரி இருக்கிறது. உழவர் கொஞ்சம் மேடைப்பேச்சு. பஜேஸ் என்றால் தொழில் மட்டும் இல்லை, வீடு, மாடு, பெரியவனுக்கு மொத்தச் சொத்தும் போகும் முறை, பேச்சு, கஞ்சத்தனம், எல்லாம் சேர்ந்தது.

சால்:

எங்கள் கரிசல் பக்கம் சம்சாரி என்போம். "அவர் சம்சாரி வீடு" என்றால் நீங்கள் சொன்ன எல்லாம் அதில் வந்துவிடும்.

கரைமேடு:

சம்சாரி. இதுதான். இவ்வளவு நாள் எனக்கு வரவில்லையே.

தாழை:

அந்த ஆலிவ் மரம் என்ன ஆயிற்று? சுற்றி இருக்கும் பைனை வெட்டினால் பிழைக்கும், ஆலிவ் சாகாது, அடியிலிருந்தாவது துளிர்க்கும்.

கரைமேடு:

வெட்ட எனக்கு உரிமை இல்லை, இங்கே காட்டில் பெரும்பகுதி தனியார் நிலம். யாருடையது என்று விசாரிக்க மலையடிவார ஊருக்குப் போன சனிக்கிழமை போனேன். எண்பது வயது தாண்டின ஒரு பெரியவர் திண்ணையில் இருந்தார். நான் கைபேசியில் படத்தைக் காட்டினதும் பண்ணை வீட்டின் பெயரை உடனே சொல்லிவிட்டார், வீடு இடிந்து நாற்பது வருடம் ஆகிறதாம். அந்த அடுக்கு வயலுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஏனென்றால் இங்கே ஒவ்வொரு 'ஃபெய்ஷா'வுக்கும், அதாவது ஒவ்வொரு படிக்கும், தனிப் பெயர் இருந்தது. ஜுவான் கொரோமினாஸ் கட்டலான் நிலத்து ஊர்ப்பெயர், மலைப்பெயர் என்று எட்டுப் பெரிய தொகுதி போட்டார், அதிலும் இவ்வளவு சின்னப் படி வராது. பெரியவர் ரொம்ப நேரம் யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றி, கீழே இருந்து மூன்று பெயர் சொன்னார். நாலாவதில் கை நின்றுவிட்டது. ஆலிவ் இருப்பது நாலாவதில்.

அவருடைய அத்தை ஒருவர் பக்கத்து நகரத்து முதியோர் இல்லத்தில் இருக்கிறாராம், அந்த வீட்டில் பிறந்தவர், தொண்ணூற்றாறு வயது. காலை நேரத்தில் நினைவு தெளிவாக இருக்குமாம். வருகிற சனிக்கிழமை பதினொரு மணிக்குள் போகலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.